கரையேறியவர்களின் பதிவேடு

எங்கள் முன்னாள் கடற்படையினர் சங்கத்தின் முதல் பதிவேடு ஒரு மளிகைக்கடைப் பேரேடு. சிவப்புத் துணி முதுகு, நீளவாக்கில் தைத்தது. பாளையங்கோட்டையில் 1983-ல் அதை வாங்கி, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருக்கிறார்கள். வரிசை எண், பெயர், படை எண், பிரிவு, சேர்ந்த ஆண்டு, வெளிவந்த ஆண்டு, கடைசிக் கப்பல், முகவரி என்று எட்டுப் பத்திகள். என் அப்பா ஏழாவது வரியில் இருக்கிறார்: டெலிகிராபிஸ்ட், 1966, 1981, விக்ராந்த்.

மனைவி பெயருக்கு அந்தப் பேரேட்டில் இடமே கிடையாது. இன்று மாதத்தின் இரண்டாம் ஞாயிறன்று சங்க அறைக்கு வருகிறவர்களில் பாதிக்கு மேல் அந்த மனைவிமார்கள்தான். கையில் மஞ்சள் பை, பைக்குள் பிளாஸ்டிக் உறையில் நாலாக மடித்த ஓய்வூதிய ஆணை. மடிப்பு விழுந்த இடத்தில் தாள் இற்று, எண்கள் பாதி அழிந்திருக்கும்.

நான் கடற்படையில் இருந்தவன் அல்ல, மாலுமியின் மகன். அப்பா போன பிறகு அம்மாவின் காகிதங்களைத் தூக்கிக்கொண்டு சங்கத்துக்குப் போனேன். படிவம் நிரப்பத் தெரிந்தவன் என்று கண்டுகொண்டு, போக விடாமல் உட்கார வைத்துவிட்டார்கள். அந்த நாற்காலியில் உட்கார்ந்து பழைய பேரேட்டையும் இன்றைய கணினிப் பட்டியலையும் மாறி மாறிப் பார்த்ததில் தோன்றியவைதான் இவை.

எங்கள் பக்கத்தில் தரைப்படைக்குப் போனவர்கள் அதிகம். அதனால் கடற்படையில் இருந்து வந்தவரையும் ஊரில் 'மிலிட்டரிக்காரர்' என்றுதான் கூப்பிடுவார்கள். கப்பல் என்று சொன்னால், தூத்துக்குடியில் சரக்கு ஏற்றும் கப்பலா என்று கேட்டவர்களும் உண்டு. பதினாறு, பதினேழு வயதில் விசாகப்பட்டினத்துக்கு ரயிலேறிய பையன்கள் இவர்கள். அங்கே ஐ.என்.எஸ். சர்க்கார்ஸ் தளத்தில்தான் அந்நாளில் சிறுவர் பயிற்சி நடந்தது. 1980-ல் ஒடிசாவின் சிலிகா ஏரிக்கரையில் ஐ.என்.எஸ். சில்கா வந்த பிறகு பயிற்சி அங்கே மாறியது. அதன் பின் பாய்லர் அறை ஸ்டோக்கர்கள் லோனாவாலாவுக்கு, மின்பிரிவினர் ஜாம்நகருக்கு, சிக்னல் படிக்கிறவர்கள் கொச்சிக்கு என்று பிரிந்து போவார்கள். பதினைந்து ஆண்டு கழித்து முப்பத்திரண்டு வயதில் ஊருக்குத் திரும்பினால், ஹேமாக்கில் தூங்கியதையும், கப்பல் ஆடும்போது சோற்றுத்தட்டைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு சாப்பிட்டதையும் யாரிடம் சொல்வது? பொண்டாட்டிக்குப் புரியாது. கூடப் படித்தவன் அதற்குள் பஞ்சாயத்துத் தலைவராகியிருப்பான். சங்கம் முதலில் தொடங்கியது பேசுவதற்காகத்தான். கோரிக்கைகள் எல்லாம் பின்னால் வந்தவை.

அப்பா வீட்டில் அதிகம் பேச மாட்டார். சங்கக் கூட்டத்துக்கு என்னையும் சைக்கிள் பாரில் உட்கார்த்திக் கூட்டிப் போவார். அங்கே அவர் வேறு மனிதர். ஒருவர் மேசையை விரலால் தட்டுவார், அப்பா பதிலுக்குத் தட்டுவார், இரண்டு பேரும் சிரிப்பார்கள். அது மோர்ஸ் என்று எனக்குத் தெரிய வெகுநாள் ஆயிற்று.

பேரேட்டின் முதல் வரியில் இருப்பவர் 1944-ல் சேர்ந்தவர். அன்றைக்கு அது ராயல் இந்தியக் கடற்படை. உலகப்போருக்காக அவசரம் அவசரமாக ஆள் எடுத்தார்கள், போர் முடிந்ததும் அதே அவசரத்தில் கணக்குத் தீர்த்து அனுப்பினார்கள். கடைசிக் கப்பல் என்ற பத்தியில் அவருக்கு 'அடையாறு, சென்னை' என்று எழுதியிருக்கிறது. கப்பல் அல்ல, கரைத்தளம். 1946 பிப்ரவரி 18 அன்று பம்பாயில் தல்வார் சிக்னல் பள்ளியில், கெட்டுப்போன சாப்பாட்டையும் அவமரியாதையையும் எதிர்த்து மாலுமிகள் வேலைநிறுத்தம் செய்தபோது, அந்தத் தீ கராச்சி, கல்கத்தா, சென்னை என்று பரவியது. 78 கப்பல்கள், 20 கரைத்தளங்கள், சுமார் 20,000 மாலுமிகள். சென்னையில் அடையாறு தளத்து மாலுமிகள் தெருவில் இறங்கினார்கள். ஐந்தாறு நாளில் எல்லாம் அடங்கியது. வேலையை இழந்தவர்களைச் சுதந்திர இந்தியாவும் திரும்பச் சேர்க்கவில்லை, பாகிஸ்தானும் சேர்க்கவில்லை. அவர்கள் விடுதலைப் போராட்ட வீரர்களாக ஏற்கப்பட்டது பல ஆண்டுகள் கழித்துத்தான்.

எங்கள் பெரியவர் அந்த வேலைநிறுத்தத்தில் என்ன செய்தார் என்று பேரேடு சொல்லவில்லை. அவருக்கு ஓய்வூதியம் கிடையாது என்று மட்டும் ஓரத்தில் பென்சிலில் குறித்திருக்கிறது. ஓய்வூதியம் இல்லாத உலகப்போர் வீரர்களுக்கு மாநில அரசு தரும் மாத உதவிக்கு மனுப்போட்ட தேதியும் அதன் கீழேயே இருக்கிறது. சங்கம் ஒரு மனிதருக்காக எழுதிய முதல் மனு அதுதான்.

அன்றைய மனு என்பது ஒரு தவம். சங்கத்துக்கு ஒரு பழைய ரெமிங்டன் தட்டச்சு இருந்தது. கடற்படையில் ரைட்டராக இருந்த ஒருவர் கார்பன் தாள் வைத்து மூன்று படி அடிப்பார். ஒன்று பம்பாயில் மாலுமிகளின் பணிப்பதிவுகள் இருக்கும் அலுவலகத்துக்கு, ஒன்று மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு, ஒன்று கோப்புக்கு. பதில் வர மூன்று மாதம், ஆறு மாதம் ஆகும். வந்த பதிலில் இன்னொரு காகிதம் கேட்டிருப்பார்கள். ஓய்வூதியமோ கருவூலத்தில் வரிசையில் நின்று வாங்குவது. நவம்பர் வந்தால், உயிரோடு இருக்கிறேன் என்பதற்குச் சான்றளிக்கும் அதிகாரி ஒருவரைத் தேடிப் பிடித்துக் கையெழுத்து வாங்க வேண்டும்.

ஆனால் ஒன்று. அந்த நாட்களில் மனுவின் மறுமுனையில் ஒரு மனிதர் இருந்தார். கருவூலத்துக் குமாஸ்தாவுக்கு அப்பாவின் முகம் தெரியும். காலில் கட்டுப் போட்டிருந்த மாதம், 'நீங்க ஏன் வந்தீங்க அண்ணாச்சி, பையன்ட்ட சீட்டுக் கொடுத்து விட்டிருக்கலாம்லா' என்று அவரே எழுந்து வந்தார். பழைய முறையே நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. ஆறு மாதம் பதிலுக்குக் காத்திருந்து செத்துப்போனவர்களின் பெயர்கள் அந்தப் பேரேட்டிலேயே இருக்கின்றன.

பேரேட்டில் சுமார் முப்பது பெயர்களுக்கு எதிரே 'ப' என்று ஓர் எழுத்து இருக்கும். பத்தாண்டுக்காரர்கள் என்று பொருள். கடற்படை மாலுமிகளின் கதையில் தரைப்படைக்காரர்களுக்கும் சரியாகத் தெரியாத பக்கம் இது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1973 வரை மாலுமியாகச் சேர்கிறவர் பத்தாண்டு கப்பலில் பணி, அடுத்த பத்தாண்டு ரிசர்வ் என்று எழுதிக் கொடுத்துச் சேர்ந்தார். ரிசர்வ் என்றால் வீட்டில் இருக்கலாம், போர் வந்தால் கூப்பிடுவார்கள், போக வேண்டும். இரண்டும் சேர்ந்து முடிந்தால் ரிசர்விஸ்ட் ஓய்வூதியம். 1976 ஜூலை 3-ல் அரசு, இனி யாரையும் ரிசர்வுக்கு மாற்றப் போவதில்லை என்று முடிவெடுத்தது. கப்பலில் பத்தாண்டை முடிக்கப் போகிறவர்களுக்கு அடுத்த பத்தாண்டு இல்லாமல் போயிற்று. முழு ஓய்வூதியத்துக்குப் பதினைந்து ஆண்டு பணி வேண்டும். நீட்டித்து எழுதிக் கொடுத்தவர்கள் தப்பினார்கள். தங்கச்சிக்குக் கல்யாணம், அப்பா படுக்கையில், வயலைப் பார்க்க ஆள் இல்லை என்று பத்தாண்டு முடிந்ததும் ஊருக்கு வந்தவர்கள் வெறுங்கையோடு நின்றார்கள்.

அப்பாவின் கூட்டாளி ஒருவர் அப்படி 1977-ல் வந்தவர், ஸ்டோக்கர். கப்பலின் பாய்லர் அறையில் பத்து ஆண்டு வெந்தவர் அம்பாசமுத்திரத்தில் ஒரு அரிசி ஆலையின் பாய்லருக்கு வேலைக்குப் போனார். பள்ளி விடுமுறையில் அவரைப் பார்க்கப் போனால், நெல் அவியும் மணத்துக்கு நடுவே நின்று, நீராவி அழுத்தம் காட்டும் முள்ளைத் திரும்பிப் பார்க்காமலே, சத்தத்தை வைத்து எவ்வளவு என்று சொல்வார். 1971-ல் அவர் போர்க்கப்பலில் இருந்தார். அரசுக் கணக்கில் அவர் ஓய்வூதியர் இல்லை. ஓய்வூதியர் இல்லை என்பதால், 2003 ஏப்ரலில் முன்னாள் படைவீரர்களுக்கான பங்களிப்பு மருத்துவத் திட்டம் வந்தபோதும் அவருக்கு அட்டை இல்லை.

சங்க விதியை எழுதியவர்கள் இந்த இடத்தில்தான் பெரிய மனிதர்களாக நடந்துகொண்டார்கள். ஓய்வூதியம் பெறுவோர் மட்டுமே உறுப்பினர் என்று வைக்கலாம் எனச் சிலர் சொல்லியிருக்கிறார்கள். சந்தா ஒழுங்காக வரும், கோரிக்கையும் ஒன்றாக இருக்கும் என்பது அவர்கள் நியாயம். கடைசியில் விதி இப்படி நின்றது: கடற்படையில் ஒரு நாள் சம்பளம் வாங்கியவரும் உறுப்பினர். 'ப' என்ற எழுத்து ஒதுக்கி வைப்பதற்காகப் போட்டது அல்ல. இவர்களுடைய மனுவை மறந்துவிடக் கூடாது என்பதற்காகப் போட்ட அடையாளம்.

அந்த மனு நாற்பது ஆண்டு நடந்தது. முதலில் கடிதங்கள், பிறகு உயர் நீதிமன்றத்தில் ரிட். 2007-ல் ஆயுதப்படைத் தீர்ப்பாயச் சட்டம் வந்து, 2009-ல் தீர்ப்பாயம் இயங்கத் தொடங்கி, சென்னையிலும் அதற்கு ஓர் அமர்வு அமைந்த பிறகு அங்கே. கடைசியில் 2016 அக்டோபரில், டி.எஸ். தாஸ் வழக்கு என்று அறியப்படும் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது: ரிசர்வில் இருக்காதவர்கள் ரிசர்விஸ்ட் ஓய்வூதியம் கேட்க முடியாது. ஆனால் கொள்கை மாறியதால் ரிசர்வுக்கு மாற்றப்படாமல் போனவர்களுக்குக் கடற்படை ஓய்வூதிய விதிகளின்படி சிறப்பு ஓய்வூதியம் உண்டு. எங்கள் பேரேட்டில் 'ப' போட்ட சிலர் அந்த வழியில் எழுபது வயதை ஒட்டி முதல் மாத ஓய்வூதியத்தை வாங்கினார்கள்.

அரிசி ஆலை ஸ்டோக்கர் 2012-லேயே இறந்துவிட்டார். இப்போது அவர் மனைவிக்குச் சங்கம் வாங்கித் தந்திருப்பது, ஓய்வூதியம் இல்லாத முதிய முன்னாள் படைவீரருக்கும் அவர்களின் மனைவியருக்கும் பாதுகாப்பு அமைச்சகம் தரும் வறுமை உதவித்தொகை. 65 வயது கடந்திருக்க வேண்டும். மாதம் 4,000 ரூபாயாக இருந்தது, 2025 நவம்பரில் இருந்து 8,000 ஆகியிருக்கிறது. தொகை கூடியதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் 'வறுமை' என்ற தலைப்பின் கீழ் அந்த அம்மா கையெழுத்துப் போடும்போது நான் படிவத்தைப் பார்ப்பதில்லை. அது சம்பாதித்த காசு, பிச்சை அல்ல என்பதை அந்தப் படிவத்தில் எழுத இடமில்லை.

ஒரே பதவி, ஒரே பணிக்காலம், ஒரே ஓய்வூதியம் என்ற கோரிக்கையைப் பற்றி எல்லோரும் கேள்விப்பட்டிருப்பார்கள், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1981-ல் பெட்டி ஆபீசராக வெளிவந்த அப்பாவும், அதே பதவியில் அதே பதினைந்து ஆண்டு பணி முடித்து இருபத்தைந்து ஆண்டு கழித்து வந்தவரும் ஒரே வரிசையில் நின்று வெவ்வேறு தொகை வாங்கினார்கள். 2015 ஜூனில் டெல்லி ஜந்தர் மந்தரில் முன்னாள் படைவீரர்கள் உட்கார்ந்தபோது எங்கள் சங்கத்தில் இருந்தும் நான்கு பேர் முன்பதிவு இல்லாத பெட்டியில் போனார்கள். செப்டம்பர் 5-ல் அறிவிப்பு, நவம்பரில் ஆணை, 2014 ஜூலை 1 முதல் நடைமுறை. 2013-ல் ஓய்வு பெற்றவர்கள் வாங்கிய மிகக் குறைந்த தொகைக்கும் மிக அதிகத் தொகைக்கும் சராசரி எடுத்து எல்லோருக்கும் நிர்ணயித்தார்கள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை திருத்தம். இடைப்பட்ட ஆண்டுகளில் வேறுபாடு மறுபடியும் வந்துவிடுகிறது, ஆண்டுதோறும் திருத்த வேண்டும் என்பது கோரிக்கை. உச்ச நீதிமன்றம் 2022 மார்ச்சில் ஐந்தாண்டு முறையை ஏற்றுக்கொண்டுவிட்டது.

அந்தப் போராட்டத்தில் அதிகாரியும் மாலுமியும் ஒரே பாயில் உட்கார்ந்தார்கள். பிறகு விலகியதற்குக் காரணம் ராணுவப் பணி ஊதியம். ஏழாவது ஊதியக்குழுவில் அது அதிகாரிக்கு மாதம் 15,500 ரூபாய், மாலுமிக்கு 5,200. சம்பளத்தில் வேறுபாடு இருப்பதை மாலுமிகள் ஒத்துக்கொள்கிறார்கள். ஆனால் இந்தத் தொகை, படைவாழ்க்கையின் கஷ்டத்துக்காகத் தருவது. ஒரே கப்பல், ஒரே புயல், ஒரே ஏவுகணை, அதில் கஷ்டம் மட்டும் எப்படி மூன்று மடங்கு வேறுபடும் என்று எங்கள் தலைவர் ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்கிறார். எனக்கும் இதற்குப் பதில் தெரியவில்லை. மாலுமிகள் பக்கம்தான் நியாயம் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

இப்போது ஸ்பர்ஷ். 2021-ல் தொடங்கிய இந்த இணையமுறை வந்த பிறகு ஓய்வூதியம் பிரயாக்ராஜ் ஓய்வூதிய அலுவலகத்தில் இருந்து நேரே வங்கிக் கணக்குக்கு வருகிறது. வங்கியிலோ கருவூலத்திலோ ஒருவர் கணக்குப் போட்டு, தப்பாகப் போட்டு, ஐந்தாண்டு கழித்துப் பிடித்தம் செய்த காலம் போய்விட்டது. எவ்வளவு, ஏன் என்பதை ஓய்வூதியரே திறந்து பார்க்கலாம். பார்க்கத் தெரிந்தவருக்கு இது பெரிய விடுதலை.

பார்க்கத் தெரியாதவர்களுக்காகத்தான் எங்கள் இரண்டாம் ஞாயிறு. இதில் தமிழர்களுக்கென்றே ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது, இனிஷியல். என் அம்மாவின் கதையையே சொல்கிறேன். அப்பா பணிப்பதிவில் கொடுத்தது அம்மாவை வீட்டில் கூப்பிடும் பெயர். ஆதாரில் இருப்பது பள்ளிக்கூடப் பெயர். வங்கிக் கணக்கில் தாத்தாவின் பெயர் முதலெழுத்தாக முன்னால் நிற்கிறது. வருமான வரி அட்டையிலோ இனிஷியலை விரித்து, அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் பின்னால் போட்டிருக்கிறார்கள். நான்கும் ஒரே பெண்தான் என்று தெருவுக்கே தெரியும், கணினிக்குத் தெரியாது. ஓர் அலுவலகத்தில் இருந்து இன்னோர் அலுவலகத்துக்கு என்று போய், உறுதிமொழிப் பத்திரம், கெசட் அறிவிப்பு, வாரிசுச் சான்று எல்லாம் கொடுத்து, குடும்ப ஓய்வூதியம் சீராக ஓர் ஆண்டும் இரண்டு மாதமும் ஆயிற்று. அதுவரை அம்மா என் சம்பளத்தில் சாப்பிட்டாள். 'ஓங்கப்பா இருந்தவரைக்கும் நான் ஒங்கிட்ட காசு கேக்கலைலா' என்று ஒருநாள் சொன்னாள். அன்றைக்குத்தான் நான் சங்க நாற்காலியில் நிலையாக உட்கார முடிவு செய்தேன்.

நவம்பர் மாதம் அறை நிரம்பிவிடும். உயிர்வாழ்வுச் சான்று 2014-ல் இருந்து விரல்ரேகை வைத்துக் கணினியில் கொடுக்கலாம். சமையல் பிரிவிலும் என்ஜின் அறையிலும் இருந்த பெரியவர்களின் விரல்களில் ரேகையே தேய்ந்துபோயிருக்கும். பீடி சுற்றிய கைகளும் அப்படித்தான். 2021-ல் முகத்தைக் காட்டிச் சான்று தரும் செயலி வந்தபின் கொஞ்சம் இலகு.

'தம்பி, கண்ண மூடித் தொறன்னு இது சொல்லுது. தொறந்தா வட்டம் செவப்பாயிருது.'

'மைனி, சன்னலப் பாத்து இருங்க. கண்ணாடியக் கழத்துங்க. ம், இப்ப மூடுங்க.'

'நான் இருக்கேன்னு இதுக்கு எத்தன மட்டம் சொல்லணும்?'

'ஆயிட்டு மைனி, பச்ச வந்துட்டு.'

நூறு பேருக்கு மேல் ஒரே நாளில் இப்படி நடக்கும். பேசுவது எங்கள் செயலாளர், ஓய்வு பெற்ற சீஃப் பெட்டி ஆபீசர். கப்பலில் இருநூறு பேரை அதட்டியவர் இங்கே ஒருவரிடமும் குரலை உயர்த்திப் பார்த்ததில்லை. நடக்க முடியாதவர்களின் வீட்டுக்கு இளையவர்கள் இரண்டு பேர் போனோடு போகிறார்கள். தபால்காரரே வீட்டுக்கு வந்து சான்று எடுக்கும் வசதி இருக்கிறது என்பதையும் சொல்லி வைக்கிறோம், நிறையப் பேருக்கு அது தெரியாது.

மருத்துவ அட்டை விஷயத்தில் குறை சொல்லவும் இருக்கிறது, நன்றி சொல்லவும் இருக்கிறது. 2003-க்கு முன் ஒரு மாலுமிக்கு இருதயக் கோளாறு என்றால் தொலைவில் இருக்கும் ராணுவ மருத்துவமனை, இல்லையென்றால் நிலத்தை விற்பது. இன்று பாலிகிளினிக்கில் பரிந்துரைத்தால் தனியார் மருத்துவமனையில் காசு கட்டாமல் அறுவை சிகிச்சை நடக்கிறது. அரசு பணம் தரத் தாமதமாகும்போது சில மருத்துவமனைகள் அட்டையை ஏற்கத் தயங்குகின்றன, நள்ளிரவில் எங்கள் செயலாளரின் போன் அடிப்பது அப்போதுதான்.

பேசுவதற்காகத் தொடங்கிய சங்கம் என்றேன். அந்தப் பேச்சு இன்று டிசம்பரில்தான் மிச்சமிருக்கிறது. டிசம்பர் 4 கடற்படை நாள். 1971-ல் அந்த இரவில் நிபாட், நிர்காட், வீர் என்ற மூன்று ஏவுகணைப் படகுகள் கராச்சியைத் தாக்கின. ஐந்து நாள் கழித்து டிசம்பர் 9 இரவு, டையூ தீவுக்கு அப்பால் பாகிஸ்தானின் ஹங்கோர் நீர்மூழ்கி எய்த டார்பிடோவில் குக்ரி மூழ்கியது. 18 அதிகாரிகள், 176 மாலுமிகள். கப்பலோடு போன கேப்டன் மகேந்திரநாத் முல்லாவுக்கு மகாவீர் சக்கரம். சங்கத்தில் 4-ம் தேதி மாலை கேசரி, காபி எல்லாம் உண்டு. 9-ம் தேதி ஒன்றும் கிடையாது. விளக்கை ஏற்றி வைத்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் நிற்பார்கள். அப்பாவோடு பயிற்சியில் இருந்த ஒருவர் அந்தக் கப்பலில் இருந்தார். அதைப் பற்றி அப்பா என்னிடம் சொன்னது ஒரே ஒரு வாக்கியம்: 'அவன் என் தட்டுல இருந்து முட்டைய எடுத்துத் திம்பான்.'

அதே பெயரில் 1989-ல் சேர்ந்த புதிய குக்ரியும் பணி முடித்து, 2022 ஜனவரியில் டையூவுக்கே அருங்காட்சியகமாகக் கொடுக்கப்பட்டது. பழைய விக்ராந்துக்கு அந்தப் பேறு நிலைக்கவில்லை. 1997-ல் ஓய்வு பெற்று, மும்பையில் சில ஆண்டு அருங்காட்சியகமாக இருந்து, 2014-ல் உடைக்கப் போயிற்று. அதன் இரும்பில் கொஞ்சம் எடுத்துப் பஜாஜ் நிறுவனம் 2016-ல் வி என்ற மோட்டார் சைக்கிளை விற்றது. விக்ராந்தில் என்ஜின் அறையில் இருந்த எங்கள் உறுப்பினர் ஒருவர் எழுபது வயதில் அந்த வண்டியை வாங்கினார். ஓட்டியது குறைவு. சங்கத்துக்கு வெளியே நிறுத்தியிருக்கும்போது வயதானவர்கள் ஒவ்வொருவராகப் போய் டேங்க் மேல் கையை வைத்துவிட்டு வருவார்கள். 2022 செப்டம்பர் 2-ல் கொச்சியில் புதிய விக்ராந்த் படையில் சேர்ந்ததைச் சங்க அறைத் தொலைக்காட்சியில் எல்லோரும் சேர்ந்து பார்த்தோம். அப்பா அதைப் பார்க்க இல்லை.

எங்கள் பக்கத்து விஜயநாராயணத்தையும் சொல்ல வேண்டும். 1990-ல் அங்கே ஐ.என்.எஸ். கட்டபொம்மன் தளம் திறந்தது. கடலுக்கடியில் இருக்கும் நீர்மூழ்கிகளுக்கு மிகத் தாழ்ந்த அலைவரிசையில் செய்தி அனுப்பும் நிலையம். அதன் கோபுரங்கள் 471 மீட்டர் உயரம், நாட்டிலேயே அதைவிட உயர்ந்த கட்டுமானம் இல்லை. அதுவரை ரயிலேறிப் போனால்தான் கடற்படை. இப்போது செம்மண் காட்டுக்கு நடுவே, பனைகளுக்கு மேலே தெரிகிறது. அப்பா டெலிகிராபிஸ்ட் அல்லவா, பஸ்ஸில் நாகர்கோவில் பக்கம் போகும்போதெல்லாம் சன்னல் ஓரத்தில் உட்கார்ந்து அந்தக் கோபுரம் கண்ணில் படுகிறதா என்று தேடுவார்.

இன்று சங்கத்தின் பட்டியல் கணினியில் இருக்கிறது. இருபது பத்திகள். மனைவி பெயர், ஆதாரில் உள்ளபடி மனைவி பெயர், பணிப்பதிவில் உள்ளபடி மனைவி பெயர் என்று மூன்று பத்திகள் அதில் நான் சேர்த்தவை. புதிதாக ஒருவர் சேர்ந்தால் முதலில் மூன்றையும் ஒப்பிட்டுப் பார்க்கிறோம். கணவர் உயிரோடு இருக்கும்போதே திருத்திவிட்டால் ஒரு மாத வேலை. இறந்த பிறகு என்றால் ஓர் ஆண்டு. இதை மட்டும் ஒவ்வொரு கூட்டத்திலும் மைக்கைப் பிடித்துச் சொல்கிறேன்.

கடைசியாக ஒரு விஷயம், இது சங்கத்துக்குள்ளேயே இன்னும் முடிவாகாதது. 2022 ஜூனில் அக்னிபத் அறிவிக்கப்பட்டது. கடற்படையின் முதல் அக்னிவீரர்கள், பெண்களும் சேர்ந்து, அந்த ஆண்டு இறுதியில் சில்காவில் பயிற்சிக்குப் போனார்கள், 2023 மார்ச்சில் பயிற்சி முடித்து வந்தார்கள். பணிக்காலம் நான்கு ஆண்டு. நான்கில் ஒருவர் வரை நிரந்தரப் பணிக்கு எடுக்கப்படலாம். மற்றவர்களுக்கு ஏறத்தாழ 11.71 லட்சம் ரூபாய் சேவா நிதி. ஓய்வூதியம் இல்லை, மருத்துவ அட்டை இல்லை, கேன்டீன் இல்லை, முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் இல்லை. முதல் தொகுதிக்கு 2026 இறுதியில் நான்கு ஆண்டு முடிகிறது.

அவர்களைச் சங்கத்தில் சேர்ப்பதா என்று போன ஆண்டு கூட்டத்தில் பேச்சு வந்தது. அரசே முன்னாள் படைவீரர் இல்லை என்று சொல்லும்போது நாம் எப்படிச் சேர்ப்பது, பதினைந்து ஆண்டு உப்புக்காற்றில் கிடந்தவனும் நான்கு ஆண்டு இருந்தவனும் ஒன்றா என்று சிலர் கேட்டார்கள். அவர்கள் கேட்டதில் வலி இருக்கிறது, நான் மதிக்கிறேன். ஆனால் 1944-ல் சேர்ந்த பெரியவர் பேரேட்டின் முதல் வரியில் இருப்பது இரண்டே ஆண்டுப் பணிக்குத்தான். அரிசி ஆலை ஸ்டோக்கரை அரசு ஓய்வூதியர் என்று ஏற்கவில்லை, நாம் முப்பது ஆண்டு அவரை நம்மவர் என்று வைத்திருந்தோம். அரசின் பட்டியலில் இல்லாதவர்களுக்காக எழுதிய பேரேடு இது. ஒரு நாள் சம்பளம் என்ற விதி இன்னும் அடிக்கப்படாமல் இருக்கிறது. அதன்படியே அந்தப் பிள்ளைகளின் பெயரையும் எழுத வேண்டும் என்று நான் எழுந்து சொன்னேன். உறுப்பினரின் மகன் என்பதால் எனக்கு ஓட்டு இல்லை. அடுத்த பொதுக்குழுவில் ஓட்டெடுப்பு.

இதைப் படிக்கிற உங்கள் தெருவிலோ ஊரிலோ கடற்படையில் இருந்து இறந்துபோன ஒருவரின் மனைவி இருந்தால், அவருடைய ஓய்வூதிய ஆணையையும் ஆதாரையும் வங்கிப் புத்தகத்தையும் ஒருமுறை வாங்கி, மூன்றிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் நவம்பர் வரை காத்திருக்க வேண்டாம், உங்கள் மாவட்டத்து முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.